எறியுளியும் கயிறும்

நெய்தற் பாட்டுகளில் வரும் மீன்பிடி கருவிகளைத் திணையின் அடையாளமாக மட்டுமே கொண்டு கடந்து செல்லும் வழக்கம் நம்மிடையே உளது. வலை, தூண்டில், எறியுளி ஆகியவை கருப்பொருளைச் சார்ந்தன என்று கூறி அமைகின்றோம். அவை இயங்கும் முறையை அறிந்தாலன்றிப் பாட்டின் பொருள் முற்ற விளங்காது என்பதை எறியுளி ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

உளி என்றதும் தச்சரது கைக்கருவியே இன்று நினைவுக்கு வருகின்றது. பரதவரது எறியுளியோ அதனின் வேறு. குறுந்தொகை 304-ஆம் பாட்டு, கூரிய முனையையும் உலர்ந்த மூங்கிற் காம்பையும் கூறுகின்றது. எறிதலோடு வாங்குதலையும் சேர்த்துரைக்கின்றது. வாங்குதல் என்பது பண்டை வழக்கில் இழுத்தல் எனவும் பொருள்படும். எறிந்ததை இழுப்பதற்குக் கயிறு வேண்டுமன்றோ? அப்பாட்டில் கயிறு இல்லை; நற்றிணை 388-இல் உளது. முறுக்கிய வலிய கயிறு உளியின் கடைப்பகுதியில் கட்டப்பட்டிருந்ததை அது வெளிப்படையாகவே கூறுகின்றது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் முனை, காம்பு, கயிறு என்னும் மூன்று உறுப்பும் நிரம்பிய கருவி புலனாகின்றது.

கயிற்றின் இன்றியமையாமையை அகநானூறு 210 உணர்த்தும். உளி பட்ட பெருமீன் உடனே வீழ்வதில்லை. குருதி கடலைக் கறைப்படுத்த, அலைகளைக் கலக்கித் திரிந்து, வலியழிந்த பின்னரே திமில்களின் அருகே வருகின்றது. புண்படுத்துதல் வேறு, கைப்பற்றுதல் வேறு.

இனிப் பாட்டின் பொருளுக்கு வருவோம். தலைவன் தன் நெஞ்சினின்றும் பிரிந்தறியான். ஆதலின் பசப்பு எங்ஙனம் வரும் என்கின்றாள் நற்றிணைத் தலைவி. விரைந்து செல்லினும் கயிற்றாற் பிணிப்புண்டிருக்கும் உளி அக்கூற்றுக்கு எத்துணைப் பொருத்தமுடையது! குறுந்தொகைத் தலைவியோ, தான் கொண்ட நட்பே பகையை விளைத்தது என்று வருந்துகின்றாள். அங்குக் கயிறு பேசப்படவில்லை. கடலில் மீனை எறிய, கரையிலிருந்த அன்னங்கள் அஞ்சி ஓடுகின்றன. ஓரிடத்துச் செயல் பிறிதோரிடத்துத் துன்பமாகின்றது.

கயிற்றைக் கூறுதலும் கூறாமையும் புலவர் கருதிச் செய்தனவே என்று துணிதற்கு இவ்விரு பாட்டுகள் மட்டும் போதா. ஆயினும், கருவியின் எவ்வுறுப்பு எடுத்துரைக்கப்படுகின்றது என்பது பாட்டின் பொருளோடு இயைந்து நிற்றலை இவை காட்டுகின்றன. ஆதலின், உரை காண்போர் எறியுளியை ஒருவகைக் கருவி என்றெழுதி அமைதல் சாலாது. அஃது எங்ஙனம் எறியப்பட்டது, எங்ஙனம் மீட்கப்பட்டது என்பவற்றையும் எழுதுதல் வேண்டும்.