கதரேனர் நாட்டு மனிதனும் கிரிவலப் பாதையும்

மாற்கு 5ஆம் அதிகாரத்தை விளக்கும் நம் அருளுரைகள் பெரும்பாலும் பிசாசுகளோடும் பன்றிகளோடும் நின்றுவிடுகின்றன. திருவண்ணாமலையில் ஊழியம் செய்யும் ஆயருக்கு இவ்விளக்கம் போதாது.

அவ்வூரில் பித்தும் சித்தும் அருகருகே வைத்து எண்ணப்படுபவை. 1929இல் மறைந்த சேஷாத்திரி சுவாமிகளைப் பைத்தியம் என்றோரும் இருந்தனர், மகான் என்றோரும் இருந்தனர். அவரைக் குறித்துத் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. ஆனால், இல்லாத குரல்கள் காதில் கேட்கத் தொடங்கிய ஓர் இளைஞன் கிரிவலப் பாதையில் கஞ்சா புகைப்போரோடு அமர்ந்துவிட்டால், ஊர் அவனைச் 'சாமி' என்று விட்டுவிடுகிறது. சபையோ போதையின் சம்பளம் என்று ஒதுக்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவ்வூரிலேயே இருந்தும் மாதங்கள் வீணாகின்றன. சிகிச்சை தாமதிக்குந்தோறும் நோய் தேறுவது கடினமாகிறது.

சுவீடனில் படைக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1987இல் வெளியான ஆய்வு, ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா புகைத்தோரிடையே மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு மிகுந்திருக்கக் கண்டது. ஆயினும், நோய் தரும் அச்சத்தையும் உறக்கமின்மையையும் தணிக்கவே புகையையும் மதுவையும் நாடுவோரும் உளர். இவர்களிடம் பாவ அறிக்கையை மட்டும் கேட்பது கொடுமை.

மாற்கு சங்கிலிகளைக் குறிப்பிடுகிறார். அவை பயன்படவில்லை என்றும் எழுதுகிறார். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்ட பின்பும் அப்பகுதியை நாம் விரைந்து கடக்கிறோம். குணமானவன் வீட்டிற்கு அனுப்பப்படும் இடத்தில் பிரசங்கமும் முடிந்துவிடுகிறது. மருந்தைத் தொடர்வதும் பழைய கூட்டத்தை விட்டு விலகுவதும் அந்த வீட்டில்தான் தொடங்குகின்றன.