50 காசு அட்டை

சிற்றிதழில் முதல் கதை வந்த கையோடு, முன்பின் தெரியாத மூத்த எழுத்தாளரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வருவது தனி ருசி. உறையைக் கிழிக்கிற பதற்றம் கிடையாது. சற்றே சொரசொரப்பான அந்த மஞ்சள் அட்டையில் மை லேசாக ஊறிப் பரவியிருக்கும். இடம் போதாமல் கடைசி வரிகள் ஓரத்தில் செங்குத்தாக ஏறி, முகவரிப் பக்கத்தையும் எட்டிப் பார்க்கும். தபால்காரர் வழியிலேயே படித்திருப்பார் (படிக்கட்டுமே, பாராட்டுதானே!).

எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் விமர்சகர் தி.க.சி.யும் இப்படி அட்டை எழுதுவதில் கைதேர்ந்தவர்கள். முன்னவருக்கு 1978-லும் பின்னவருக்கு 2000-லும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இருவரும் இளையவர்களுக்கு அட்டை எழுதுவதை ஒரு வேலையாகவே வைத்திருந்தார்கள். சிறு காரியம்தான், ஆனால் நுட்பமானது. ‘கதை அருமை’ என்று எழுதக் கதையைப் படிக்கக்கூட வேண்டாம். கிழவி சுருக்குப்பையை அவிழ்த்துவிட்டு மறுபடி முடிகிற இடம் நன்றாக வந்திருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல, நிதானமாக உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும். அட்டையின் அளவும் உதவிக்கு வரும்: புகழ்ச்சி வழிய அங்கே இடமில்லை. குறை ஏதும் இருந்தால் அரை வரியில், கொஞ்சம் கூச்சத்தோடு வரும். ‘தொடர்ந்து எழுதுங்கள்’ என்கிற வழக்கமான முடிவுகூட, ஒருவர் கைப்பட எழுதியதாக வரும்போது, இன்னும் நாலைந்து கதைகளுக்குத் தாங்கும்.