காப்பவனின் தாளம்

‘சமூகப் பிரக்ஞை’ நம்மிடையே ஒரு நற்சாட்சிப் பத்திரமாகிவிட்டது. பத்திரம் இருந்தால் படைப்பைப் பார்க்க வேண்டியதில்லை. டில்லியின் ஹெவி மெட்டல் குழுவான ப்ளடிவுட் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ரக்‌ஷக்’ ஆல்பத்துக்கும் நண்பர்கள் இந்தப் பத்திரத்தையே நீட்டுகிறார்கள். பத்துப் பாட்டுகள். பிரிவினை அரசியல், பாலியல் வன்முறை, மனச்சோர்வு என்று விஷயங்கள். விஷயங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் காசோலையில் கையெழுத்து சரியாக இருந்தால் மட்டும் போதாது. கணக்கில் இருப்பு வேண்டும். கலையில் இருப்பு என்பது அனுபவம். அது உருவத்தில்தான் கிடக்கிறது.

‘தனா தன்’ பாலியல் வன்முறைக்கு எதிரான பாட்டு. தலைப்பே சரமாரியாக விழும் அடியின் ஒலிக்குறிப்பு. கரண் கட்டியாரின் கிதாரும் டோல் என்ற பஞ்சாபி முரசும் அந்த அடியைத் தாளமாக்குகின்றன. டோல் கல்யாண ஊர்வலத்தில் ஆடவைக்கும் வாத்தியம். நம் கோயில் திருவிழாவின் சிங்காரி மேளம் மாதிரி. அடி கொண்டாட்டமாகிவிடுகிறது. ‘ரக்‌ஷக்’ என்றால் காப்பவன். கேட்பவன் தன்னையே அந்தக் காப்பவனாகக் கற்பித்துக்கொண்டு ஆடுகிறான். வன்முறைக்கு ஆளானவளின் மௌனத்துக்கு இந்தச் சப்தத்தில் இடமில்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரை, விசாரணை நடக்குமுன்பே, போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ்மேல் பூத்தூவினார்கள். அந்த உற்சாகத்துக்கும் இந்தத் தாளத்துக்கும் தூரம் அதிகமில்லை. கோபம் நியாயமானது, அது தன்னை ஒருமுறைகூடக் கேள்வி கேட்டுக்கொள்வதில்லை.

‘கத்தார்’ பாட்டில் ராவுல் கெர்ரின் ஆங்கில ராப் வேறு வகைச் சறுக்கல். அது வாதத்தை விளக்குகிறது. விளக்கம் பிரசங்கம்.

‘ஜீ வீரே’யின் தளம் வேறு. மனச்சோர்வில் கிடப்பவனிடம் பேசுகிற பாட்டு. ஜெயந்த் படூலா உறுமலையும் இயல்பான குரலையும் ஒரே தொண்டையில் வைத்திருக்கிறார். மூழ்குகிறவனும் அவனைப் பிடித்து இழுக்கிறவனும் ஒருவனே என்று வார்த்தை சொல்லவில்லை. குரல் மாறுகிற இடம் சொல்கிறது. என் அரைகுறை ஹிந்தி இங்கே தடையாக இல்லை.

மெட்டல் வெறும் இரைச்சல், அதில் கலை ஏது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கருத்து உருவமாவது எப்படி என்று பார்க்க நான் தொலைவு போக வேண்டியதில்லை. இங்கே சிதறால் மலைமேல் 9ஆம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர்கள் பாறையில் புடைத்து நிற்கிறார்கள். அஹிம்சையைப் பற்றி அவர்கள் ஒன்றும் பேசுவதில்லை. உடலின் அசைவின்மையே அஹிம்சை. கல்லின் அமைதி பொருளாக முடியுமென்றால் இரைச்சலும் முடியும். ‘ஜீ வீரே’யில் முடிந்திருக்கிறது. ‘தனா தன்’னில் கருத்து சத்தம் போடுகிறது, அவ்வளவே.