பன்னிரண்டு அறைகள்

சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் “ஒன் கே, கால் வாட், பத்து” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். பேச்சு வேறு யாரோடோ ஓடிக்கொண்டிருக்கும். கை மட்டும் தானாகப் பின்னால் போய் ஒரு டப்பாவை இழுக்கும். இரண்டு ஓரமும் தாள் நாடா ஒட்டி, ஏணிப்படிபோல் வரிசை கட்டிய ரெசிஸ்டர்கள் வெளியே வரும். கட்டைவிரல் இரண்டு தாவு தாவும், கத்தரி ஒரு கடி கடிக்கும். பத்து. சந்தேகப்பட்டு வீட்டில் எண்ணிப் பார்த்தவன் நான், ஒருநாளும் குறைந்ததில்லை. சில ரூபாய் வியாபாரத்துக்கு இவ்வளவு லாவகம்.

நான் ராசிங்காபுரத்துக்காரன். போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது ஊர். ரிச்சி தெருவை ஒட்டி நரசிங்கபுரம் தெரு என்று ஒன்று உண்டு. முதல் தடவை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோது ஏதோ உறவுக்காரர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

சின்னச் சரக்கைத் தரம் பிரிக்கிற வேலை எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. மலையில் ஸ்டோர் என்கிற உலர்கூடத்தில் காய்ந்து போடிக்கு இறங்கும் ஏலக்காயைச் சல்லடை பிரிக்கிறது: எட்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரு விலை, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு விலை. அதன்பின் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குவார்கள். வெடித்த காய், நிறம் வெளுத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாம் விரல் பட்டதும் ஒதுங்கிவிடும். ரெசிஸ்டரில் சல்லடைக்குப் பதில் வண்ணக் கோடு. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் ஆயிரம் ஓம். கடைசியில் தங்கக் கோடு இருந்தால் நூற்றுக்கு ஐந்து கூடக் குறைய இருக்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. ஐம்பது ஓம் கேட்டால் கடைக்காரர் 47 எடுத்து நீட்டுவார். ஏமாற்று வேலை இல்லை. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று பன்னிரண்டே எண்கள்; ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.2 மடங்கு. பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 39 மேலே 42.9 வரை போகும், 47 கீழே 42.3 வரை இறங்கும். இடைவெளி அடைபட்டுவிட்டது. ஐம்பதும் 47-இன் எல்லைக்குள்தான் விழுகிறது. இதே எண்கள் பத்துப் பத்து மடங்காகத் திரும்ப வருவதால், பத்து ஓமிலிருந்து பத்து லட்சம் ஓம் வரைக்கும் 61 அறைகள் போதும். ஒரு மேஜைக்கு அடியில் வைத்துவிடலாம். எனக்குத் தெரிந்து ஒரு கடையின் அலமாரிக்கு இதைவிட அழகான கணக்கை யாரும் போட்டதில்லை.

போன வருஷம் அக்கா மகன் வந்து நின்றான். “மாமா, பார்ட்ஸ் கடை போடப் போறேன். ஊர்லயும் விக்கலாம், ஆன்லைன்லயும் விக்கலாம்.” முப்பது வகை சென்சார், வகைக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தான். காட்சிக்கு நன்றாக இருந்தது. “மாப்ள, இது கொலுடா” என்றேன்.

ஊர் கேட்பது வேறு. ஆம்ப்ளிஃபையர் போடுகிறவருக்கு 4440 ஐசி வேண்டும், 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 4007 டையோடு கைப்பிடி கைப்பிடியாக வேண்டும். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா நெருங்கினால் மைக் செட்காரர்கள் அவுட்புட் டிரான்சிஸ்டர் தேடி அலைவார்கள். போடி அரசு பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் சமயத்தில் ஆர்டுயினோவும் இ.எஸ்.பி. 32-உம், அதுவும் அன்றைக்கே. வகை கொஞ்சம், வகைக்குச் சரக்கு நிறைய. அதுதான் கடை.

இப்படிக் கடை போடுகிறவருக்கு எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் 5200-இலும் 1943-இலும் போலி ஏராளம். நானே ஒரு கடையில் நான்கு ஜோடி வாங்கி வந்து, செட் போட்ட அன்று சாயங்காலமே புகை பார்த்தேன். தேறிய கை எடை பார்க்கும், எழுத்தின் வெட்டைப் பார்க்கும், பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே தேய்க்கும். பழைய எழுத்தைச் சுரண்டிக் கறுப்புப் பூசி மறுபடி அச்சடித்த பல சரக்கு அப்போது பஞ்சில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

பையன் சொன்ன ஆன்லைன் கதைக்கு அமெரிக்காவில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. கொலராடோவில் கல்லூரி மாணவராக இருந்தபோதே நேதன் சைடல் 2003-இல் ஸ்பார்க்ஃபன் தொடங்கினார். லிமோர் ஃபிரைட் 2005-இல் எம்.ஐ.டி. விடுதி அறையிலிருந்து ஏடாஃப்ரூட்டை. இருவரும் விற்றது பாகத்தை மட்டுமல்ல; அதை எப்படி இணைப்பது என்ற விளக்கத்தையும் சேர்த்து. அங்கேதான் ரிச்சி தெருக்காரரின் கைக்கு ஈடான ஒன்று இணையத்துக்கு வருகிறது என்று நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு, கூரியர் கணக்கு எல்லாம் யாரும் கற்றுக்கொள்ளக் கூடியவை. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவதென்றால் விற்றுமுதல் சின்னதானாலும் பதிவு வேண்டும், அவ்வளவுதான். பத்து ரெசிஸ்டருக்குத் தபால் செலவு அதன் விலையைத் தாண்டிவிடும் என்பதுதான் உண்மையான முட்டுக்கட்டை. ஆகவே தனித்தனியாக விற்காமல் ஒரு வேலைக்கு வேண்டியதை ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும்.

பையன் இப்போது அப்படித்தான் கட்டுகிறான். 2023 ஜூனில் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு ரயில் வந்த பிறகு, இரவில் ஏறி மறுநாள் காலை சரக்கோடு இறங்கிவிடுகிறான். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டு டிரான்சிஸ்டரின் படம் பேனாவால் வரைந்திருக்கிறது. தட்டை முகம் நம்மைப் பார்த்து, கால் கீழே இருக்க, பி.சி. 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், சி. 945-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கால் மாறினால் செட் பேசாது. பத்து ரெசிஸ்டர் கேட்டவருக்குப் பதினொன்று போகிறது. “ஒண்ணு தரையில விழுந்து தொலஞ்சா என்ன மாமா பண்ணுவாங்க?” என்கிறான்.