ஆபுத்திரனுக்கு யார் பயிற்சி கொடுப்பது?

ஸ்பியர் கையேட்டை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. பேரிடர் நிவாரணத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் கொடுப்பார்கள். பையில் வைத்துக்கொண்டு போவார்கள், தேவைப்படுகிற பக்கத்தைப் புரட்டுவார்கள். அவ்ளோதான். ஆனால் நாகப்பட்டினம் முதல் ருவாண்டா வரை எத்தனையோ லட்சம் பேருடைய குடிநீரையும் கூரையையும் தீர்மானித்த ஒரு பிரதியை இலக்கிய விமர்சனம் கண்டுகொள்ளாமல் விடுவது நியாயமில்லை என்று எனக்குப் படுகிறது.

அதன் பிறப்பு துயரமானது. 1994-இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு எல்லை தாண்டி கோமாவுக்கு வந்த அகதிகளில் ஒரே மாதத்தில் சுமார் 50,000 பேர் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தார்கள். உதவ வந்த நிறுவனங்களுக்குக் குறைச்சல் இல்லை. எது போதுமான உதவி என்பதற்குப் பொதுவான அளவுகோல்தான் இல்லை. அந்தக் குற்றவுணர்விலிருந்து 1997-இல் ஸ்பியர் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மனிதநேய உதவிக்கான டிப்ளமா ஒன்றும் ஆரம்பித்தது. நல்ல மனசு இருந்தால் போதும் என்றிருந்த ஒரு காரியம், பாடப்புத்தகமும் வகுப்பும் உள்ள தொழிலாக மாறிய காலம் அது.

கையேட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிற வரிகள் எண்கள்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். 2,100 கலோரி உணவு. 3.5 சதுர மீட்டர் தங்குமிடம். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 250 பேருக்கு ஒரு குழாய்.

இந்த எண்களைக் கேலி செய்வது சுலபம். மனிதத் துயரத்தைச் சதுர மீட்டரில் அளப்பதா என்று ஒரு கவிஞர் ஃபேஸ்புக்கில் எழுதினால் நாமும் லைக் போடுவோம். நான் அந்தப் பக்கம் இல்லை. எண்ணுக்குச் சாதி கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நிவாரணம் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை. குடிநீர்த் தொட்டிகளில் தலித்துகளைத் தண்ணீர் எடுக்க விடவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. அந்த இடத்தில் கருணையை நம்பி நிற்பதைவிட, "ஒவ்வொரு ஆளுக்கும் 15 லிட்டர்" என்று அச்சிட்ட ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது மேல்.

எண்ணால் அதற்கு மேல் போக முடியாது என்பதையும் அதே கடற்கரை காட்டியது. 250 பேருக்கு ஒரு குழாய் என்று போட்டுவிடலாம். அந்தக் குழாயை எந்தத் தெருவில் போடுவது? தார் ஷீட்டில் தற்காலிகக் குடியிருப்புகள் கட்டினார்கள். கணக்குப் பார்த்தால் தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்று தேறிவிடும். ஆனால் சித்திரை வெயிலில் மத்தியானம் உள்ளே ஆள் இருக்க முடியாது. யாரும் இருக்க முடியாத 3.5 சதுர மீட்டரை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

கையேட்டை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதன் வடிவத்தைக் கவனியுங்கள். முதலில் ஒரு வாக்கியத்தில் தரநிலை, அடுத்து செய்ய வேண்டிய காரியங்கள், அடுத்து அளவுகள், கடைசியில் வழிகாட்டுக் குறிப்புகள். தரநிலை உறுதியான குரலில் பேசும். குறிப்புகளுக்கு வந்ததும் அந்தக் குரல் தணிந்துவிடும். தட்பவெப்பத்தைப் பார், உள்ளூர் வழக்கத்தைப் பார், பெண்களிடம் கேள் என்று சொல்லும். எந்த எண்ணும் சூழலை விட்டுத் தனியாக நிற்காது என்று எச்சரிக்கும். நான்கு பதிப்புகள் வந்துவிட்டன. கடைசியாக வந்தது 2018-இல். என் வாசிப்பில் அந்தப் புத்தகத்தின் உயிர் இந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது.

ஆனால் வகுப்பில் என்ன நடக்கும்? ஐந்து நாள் பயிற்சி, ஃபிளிப் சார்ட், குழு விவாதம், ரோல் ப்ளே, கடைசி நாள் சான்றிதழ். புதிதாக வருகிறவர்களுக்கு இது போதும். பத்துப் பன்னிரண்டு வருஷம் களத்தில் இருந்துவிட்டு வந்து உட்கார்கிறவர்களை யோசித்துப் பாருங்கள். எண்கள் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கொண்டுபோன பொருள் தீர்ந்தும் கூட்டம் தீராத நாளில் அந்த வரிசையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது போன்ற கேள்விகளோடு அவர்கள் வருகிறார்கள். அதற்கு ஸ்லைடு கிடையாது.

இந்த இடத்தில் நம்மிடம் வேறொரு பிரதி இருக்கிறது: மணிமேகலை. அமுதசுரபியை எல்லோருக்கும் தெரியும். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். 2,100 கலோரி என்று எண்ணவே தேவையில்லாத கற்பனை அது. நமக்கு முக்கியம் அந்தப் பாத்திரத்தை முதலில் வைத்திருந்த ஆபுத்திரன்.

வேள்விப் பசுவைக் காப்பாற்றியதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். மதுரைக்கு வந்து, பிச்சை எடுத்ததைக் குருடருக்கும் செவிடருக்கும் முடவருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்று வாழ்ந்தவனிடம் சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். பஞ்சம் முழுக்கச் சோறு போடுகிறான். பிறகு இந்திரன் வந்து வரம் தருவதாகச் சொல்ல, இவன் அவனைப் பார்த்துச் சிரித்துவிடுகிறான். கோபத்தில் இந்திரன் செய்வது விசித்திரமான தண்டனை: மழை. நாடு செழித்துவிடுகிறது. பசித்தவரே இல்லை. சோறு வேண்டுமா என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறவனைப் பார்த்து ஜனம் சிரிக்கிறது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். அதைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து உயிர் விடுகிறான்.

நிவாரணப் பணியாளரின் மனச்சிதைவை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் கதையை நான் வாசித்ததில்லை. தேவைப்படுவதற்கே பழகிவிட்டவன், தேவை தீர்ந்ததும் இல்லாமல் போகிறான். அடுத்த பேரிடர் எங்கே என்று தேடிப் போகிற அந்தக் கப்பல் பயணம் இன்றைக்கும் நடக்கிறது.

காப்பியத்தின் வரிசையையும் பாருங்கள். பாத்திரம் கைக்கு வந்ததும் மணிமேகலை நேராகச் சோறு போடக் கிளம்பவில்லை. புகாரில் அறவண அடிகளைப் பார்க்கிறாள். அவர் சொல்வது செயல்முறை விளக்கமல்ல, இந்த ஆபுத்திரன் கதை. அதாவது, இதே பாத்திரத்தோடு உனக்கு முன்னால் போனவன் எப்படி முடிந்தான் என்று. அதற்குப் பிறகுதான் ஆதிரை கையால் முதல் பிச்சை. ஒரு நல்ல பயிற்சி வகுப்பு இதைத்தான் செய்ய வேண்டும்: முன்னே போனவரின் தோல்வியை முழுக்கதையாகச் சொல்வது. இன்றைய வகுப்புகளில் தோல்வி, 'கற்ற பாடங்கள்' என்ற தலைப்பில் மூன்று புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம்களில் பல குடும்பங்கள் 10-க்கு 10 அடி அறையில் பல்லாண்டுகள் வாழ்ந்தன. அது 9.3 சதுர மீட்டர். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர்கூட இல்லை. அவசரக் காலத்துக்கென்று எழுதிய குறைந்தபட்சத்துக்கும் கீழே! இடிந்த வீடுகளைப் புதிதாகக் கட்டுவது உட்பட 317 கோடி ரூபாய்த் திட்டம் 2021-இல்தான் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே அகதிகள் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் கழகம் முகாம் மக்களையே ஆசிரியர்களாகவும் நலப்பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. சுனாமிக்குப் பிறகு அதன் தொண்டர்கள் நாகைக்கும் போனார்கள். நிவாரணம் வாங்கியவர் நிவாரணம் கொடுப்பவராக மாறுகிற இந்த நகர்வைக் குறிக்க நம் அலுவலகத் தமிழில் வார்த்தை இல்லை. 'பயனாளி' என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஆயுசுக்கும் பயனாளிதான்.

நான் இருக்கிற பட்டாபிராமிலிருந்து அரக்கோணத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கேதான் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் தண்ணீர் நின்றபோது படகுகள் கண்ணுக்குத் தெரிந்தன. பால் பாக்கெட்டும் நாப்கினும் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணியில போன பசங்க பொண்ணுங்க எந்தப் பட்டியலிலும் இல்லை. இந்த இதழை வாசிக்கிற உங்களில் சிலரும் அதில் இருந்திருப்பீர்கள். அடுத்த பத்து வருஷத்தில் உங்களில் யாராவது இதையே தொழிலாக எடுக்கலாம். அப்போது கையேட்டை வாங்குங்கள், எண்களை மனப்பாடம் பண்ணுங்கள், அதற்காகச் சண்டையும் போடுங்கள். பத்தாவது வருஷம் ஒரு வகுப்பில் போய் உட்காரும்போது மட்டும், ஃபிளிப் சார்ட்டை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஆபுத்திரன் ஏன் செத்தான் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு முழு நாள் ஒதுக்கும் பயிற்சிதான் உங்களுக்குத் தேவையான பயிற்சி.