மானியத்தோடு முடிந்துவிடும் பயிற்சி

தொழில் செய்யும் துணிச்சல் ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும், வகுப்பில் உட்கார்ந்து அதைப் பெற முடியாது என்ற எண்ணம் நம்மிடையே வேரோடிக் கிடக்கிறது. இதற்கு எதிரான சான்று அறுபது ஆண்டுகளாக இருக்கிறது. 1960களின் நடுவில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்டின் வழிகாட்டலில், ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனம் காக்கிநாடாவின் சிறு வணிகர்களுக்கு ஊக்கப் பயிற்சி அளித்தது. பயிற்சி பெற்றவர்கள் புதிய முதலீடு செய்வதிலும் ஆள் சேர்ப்பதிலும் முந்தினார்கள் என்று மெக்கிளெலண்டும் டேவிட் விண்டரும் 1969இல் நூலாகவே எழுதினார்கள். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரு வங்கிகளும் சேர்ந்து ஊரக இளைஞர்களுக்குத் தங்குமிடத்தோடு இலவசப் பயிற்சி தொடங்கின. இன்று மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களுக்கு அதுவே முன்மாதிரி. ஆகவே பயிற்சியால் பயன் உண்டா என்று இனியும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்தப் பயிற்சி யாருடைய தேவைக்காக நடக்கிறது என்பதுதான் கேள்வி.

அரசுத் திட்டங்களில் அது பெரும்பாலும் மானியத்தின் ஒரு படிக்கட்டாக ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 2012-13இல் புதிய தொழில்முனைவோருக்காக வந்த ‘நீட்ஸ்’ திட்டம் முதலீட்டில் 25 சதவீத மானியம் தருகிறது. தொடங்கியபோது ஒரு மாதப் பயிற்சியை அது கட்டாயமாக்கியது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 10 நாள் வகுப்பு. சான்றிதழ் இருந்தால்தான் மானியம் என்றானபின், வருகைப் பதிவே வகுப்பின் நோக்கமாகிவிடும் அபாயம் உண்டு. பாடமும் வங்கியை நோக்கித் திரும்புகிறது: திட்ட அறிக்கை, இயந்திரத்துக்கான விலைப்புள்ளி, ஐந்தாண்டு வரவு செலவுக் கணிப்பு. இவை தேவையற்றவை அல்ல. இவை தெரியாமல் மேலாளர் முன்னால் போய் நிற்க முடியாது. ஆனால் தொழில் தடுமாறுவது இந்த இடத்தில் அல்ல. சரக்கை வாங்கிய பெரிய நிறுவனம் பணத்தை இழுத்தடிக்கும்போது, நடைமுறை மூலதனம் மாதக் கடைசியில் வறண்டுபோகும்போது தடுமாறுகிறது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை வகுப்பில் கேட்டிருக்கலாம். தன்னிடம் சரக்கெடுக்கும் ஒரே வாடிக்கையாளரிடம் அந்தச் சட்டத்தைப் பேசுவது எப்படி என்பது, முதல் பில் போடுவதற்கு முன்னால் நடக்கும் எந்த வகுப்பிலும் கைவராது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் நடந்த ஆய்வு இங்கே மிக முக்கியம். 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அது, தலைநகர் லோமேயில் ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருந்த 1,500 சிறு வணிகர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குக் கணக்கு, சந்தை, நிதி என்ற வழக்கமான பாடம். இன்னொன்றுக்குத் தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, தடங்கல் வந்தாலும் விடாமல் முயல்வது ஆகியவற்றைப் பழக்கும் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் சுமார் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பாடம் தந்த உயர்வு, புள்ளியியல்படி நம்பத்தக்க அளவை எட்டவில்லை. வகுப்பு முடிந்தபின் பயிற்சியாளர்கள் நான்கு மாதம் கடைக்கே நேரில் சென்றதும் உண்டு. அந்த வருகை பயிற்சி பெற்ற இரு குழுக்களுக்கும் பொது என்பதால், பின்தொடர்தல் மட்டுமே போதும் என்று வாதிட இடமில்லை. சொல்லித்தருவதும் மாற வேண்டும். உடன் யார் வருகிறார்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அகமதாபாத்தின் சேவா வங்கி தன் பெண் வாடிக்கையாளர்களுக்கு இரண்டே நாள் பயிற்சி தந்தபோது, அழைக்கப்பட்டவர்களில் பாதிப் பேரைத் தோழி ஒருத்தியோடு வரச் சொன்னது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், தோழியோடு வந்தவர்களிடமே மாற்றம் தெரிந்தது. அவர்கள் கடன் வாங்கித் தொழிலில் போட்டிருந்தார்கள். கட்டுப்பாடு மிகுந்த சமூகங்களிலிருந்து வந்த பெண்களுக்கு இந்தப் பயன் இன்னும் கூடுதல்.

வகுப்பு முடிந்த பிறகும் இப்படிப் பின்தொடர ஆளும் பணமும் எங்கே என்று கேட்கலாம். பயிற்சியின் சராசரிப் பலனே சிறியது என்பதும் நியாயமான ஆட்சேபம்தான்: பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த டேவிட் மெக்கென்சி, விற்பனையும் லாபமும் சராசரியாக 5 முதல் 10 சதவீதமே உயர்வதாகக் கணக்கிட்டார். ஆனால் ஒரு சிறு பட்டறைக்கு ஆண்டுதோறும் லாபத்தில் 10 சதவீதம் கூடுதலாக நிற்பது அற்பமல்ல. ஆளைப் பொறுத்தவரை, ஊரகப் பயிற்சி நிலையங்களுக்கு இரண்டாண்டு பின்தொடரும் கடமை ஏற்கெனவே விதியில் இருக்கிறது; மானியத் திட்டங்களும் வகுப்பு நாள்களில் பாதியைத் தொழில் தொடங்கியபின் ஆறாவது மாதத்துக்கும் பன்னிரண்டாவது மாதத்துக்கும் தள்ளிவைத்தால் புதிய செலவு பெரிதாக வராது. கடனுக்கு முன்பே பயிற்சி இருந்தால்தான் தகுதியற்றவர்கள் வடிகட்டப்படுவார்கள் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. பத்து நாள் உட்கார்ந்திருப்பது பொறுமையைக் காட்டுமே தவிர, தொழில் திறனைக் காட்டாது.

பிரதமரின் திட்டத்தில் மானியத் தொகை மூன்றாண்டு வங்கியில் வைப்பாக நிற்கிறது. தொழில் நடக்கிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழிக்கப்படுகிறது. எத்தனை தொழில்கள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவதற்கு இதைவிட ஏற்ற நாள் இல்லை. பயிற்சி பெற்றோர் எத்தனை பேர், வழங்கிய கடன் எத்தனை கோடி என்ற கணக்கோடு, மூன்றாம் ஆண்டு முடிவில் கதவு திறந்திருக்கும் தொழில்களின் எண்ணிக்கையையும் மாவட்ட வாரியாக, பயிற்சி நிலைய வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துத் தொழிலுக்கு வரும் இளைஞருக்கு, எந்த நிலையத்தை நம்பலாம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.