பால்மரக் காய் வெடிக்கும் நேரம்

நடுப்பகல் வெயில் ஏறி, பால் நிறுத்து முடித்து, தோட்டம் ஓய்ந்து கிடக்கும் வேளையில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. காய்ந்த பால்மரக் காய் வெடித்துக் கொட்டை தெறிக்கும் சத்தம். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. பொறுக்கி வந்த கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தொடையில் வைத்து அலறவிட்டோம். உராய்வு பற்றிய எங்கள் முதல் அறிவியல் பாடம் அதுதான்.

இன்று மலாக்காவின் குருபோங் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது புத்தகத்தில் வரும் ஒரு வரி. விதைகள் நீரால், காற்றால், விலங்குகளால் பரவும், சில வெடித்துப் பரவும், எடுத்துக்காட்டு, ரப்பர். இதில் ஒரு கூத்து இருக்கிறது. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் முதலில் நடப்பட்டது இதே மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டார். அங்கிருந்து காரில் அதிக நேரம் பிடிக்காத தூரத்தில் வளரும் பிள்ளைகளில் பலர் பால்மரக் காயைக் கையால் தொட்டதில்லை. செம்பனை வந்தது, தொழிற்பேட்டை வந்தது, தாமான் வந்தது. பால்மரம் பாடநூலுக்குள் போய்விட்டது.

ஆகவே ஆசிரியர் வலையொளியில் ஒரு காணொளியைத் தேடி எடுத்துத் திரையில் ஓடவிடுகிறார். வகுப்பறையில் பல்லூடகம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பாடமே பதில் சொல்லும் என்பேன். காயின் கட்டை போன்ற ஓடு காயக் காய உள்ளுக்குள் இழுவிசை சேர்கிறது. ஒரு கட்டத்தில் ஓடு தாங்காமல் பிளக்கிறது. மூன்று அறைகளில் இருந்த மூன்று கொட்டைகளும் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய் விழுகின்றன. இத்தனையும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நாங்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறோமே தவிர, காய் பிளப்பதைப் பார்த்ததில்லை. வேகத்தைக் குறைத்து எடுத்த படம்தான் அதை எனக்கே காட்டியது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்டு கிளார்க் 1983இல் ஒரு வாதம் வைத்தார். ஊடகம் என்பது சரக்கை இறக்கிவிட்டுப் போகும் லாரி. லாரியால் காய்கறியின் சத்து கூடாது, அது போலவே கருவியால் கற்றலும் கூடாது என்பது அதன் சாரம். பெரும்பாலும் சரியான வாதம். ஆனால் வேறு எந்த வழியிலும் போக முடியாத ஊருக்கு லாரி ஒன்றுதான் போகிறது என்றால் அதைச் சும்மா லாரி என்று தள்ளிவிட முடியுமா? மிக வேகமானது, மிக மெதுவானது, மிகச் சிறியது, மிகத் தொலைவில் இருப்பது என இந்த நான்குக்கும் திரையை விட்டால் வகுப்பறைக்கு வேறு கண் கிடையாது.

குறை அந்தப் படத்தில் இல்லை, அதை ஓடவிடும் விதத்தில் இருக்கிறது. நான்கு நிமிடக் காணொளி, பின்னணியில் துள்ளல் இசை, ஆங்கிலத்திலோ தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்பவோ ஒரு குரல். தொடங்கியது முடியும்வரை ஓடும். விளக்கைப் போட்டதும் பயிற்றித்தாள். 'வெடித்தல்' என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். விதை ஏன் தாய்மரத்தடியிலேயே விழக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். வெளிச்சத்துக்கும் நீருக்கும் இடத்துக்கும் தாயோடு போட்டி போட வேண்டியிருக்கும் என்ற எண்ணம் படத்தில் இல்லை. ஓடு பிளப்பதற்கு ஒரு நொடி முன்னால் படத்தை நிறுத்தி, "இது எங்கே போய் விழும்? ஏன் அங்கே?" என்று கேட்கும் ஆசிரியரிடம்தான் அது இருக்கிறது.

பல்லூடகக் கற்றலைப் பற்றி அதிகம் ஆராய்ந்த ரிச்சர்டு மேயரும் பால் சாண்ட்லரும் 2001இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே பொருந்தும். மின்னல் எப்படி உண்டாகிறது என்பதை விளக்கும் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான அசைபடம் அது. ஒரு குழுவுக்கு அது நிற்காமல் ஓடியது. இன்னொரு குழுவுக்குப் பதினாறு துண்டுகளாக நின்று நின்று ஓடியது. மாணவர் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த துண்டு வரும். படம் ஒன்றே, குரல் ஒன்றே. ஆனால் கற்றதைப் புதிய கேள்விக்குப் பயன்படுத்தும்படி கேட்டபோது, நிறுத்திப் பார்த்தவர்களே நன்றாகச் செய்தார்கள். அங்கே பொத்தான் மாணவர் கையில் இருந்தது, நம் வகுப்பில் ஆசிரியர் கையில் இருக்கிறது. அந்த வேறுபாடு பெரிதுதான். என்றாலும் பல்லூடகக் கருவியின் மிக உயர்ந்த வசதி எது என்று என்னைக் கேட்டால், நிறுத்தும் பொத்தான் என்றே சொல்வேன்.

நிறுத்துவதற்கு இரண்டு வேண்டும்: மொழியும் நேரமும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் கதையில் இந்த இரண்டுமே அடிக்கடி கைநழுவியிருக்கின்றன.

கல்வித் தொலைக்காட்சி 1972இல் தொடங்கியபோது பல தோட்ட லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. அதை விட்டுவிடலாம். 1990களின் இறுதியில் விவேகப் பள்ளித் திட்டம் வந்தது. முன்னோட்டப் பள்ளிகளுக்காக நான்கு பாடங்களுக்குக் கணினிப் பாடப்பொருள் செய்தார்கள்: மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. குருபோங்கிலிருந்து சிறிது தூரம் வண்டியோட்டினால், பல்லூடகம் என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் புக்கிட் பெருவாங்கில் நிற்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், தமிழில் ஓர் ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்துக்கு ஒழுங்கான அசைபடம் தேடி இரவில் விழித்திருக்கும் ஆசிரியர்களை நினைத்துக்கொள்வேன்.

2003இல் நடந்தது இன்னும் பெரிது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிக்குள்ளும் வந்தது. கூடவே மடிக்கணினி வந்தது, எல்சிடி படவீழ்த்தி வந்தது, குறுந்தட்டுகள் வந்தன. பள்ளிக்குக் கருவி வந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். கரும்பலகையும் மணிலா அட்டையும் தவிர வேறெதையும் பார்க்காத வகுப்புகள் அவை. ஆனால் அதுவரை தமிழில் அறிவியல் நடத்திய ஆசிரியர் ஆங்கிலத்தில் தடுமாறும் இடத்தில் குறுந்தட்டு பேசத் தொடங்கியது. பயிற்றுத்துணைப் பொருளாக வந்தது ஆசிரியருக்குப் பதிலாள் ஆனது. எங்கே நிறுத்துவது, நிறுத்திய பிறகு எந்தச் சொல்லால் கேட்பது, பிள்ளை எந்தச் சொல்லால் பதில் சொல்லும்? கேட்கும் மொழி இல்லாத இடத்தில் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2009 ஜூலையில் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்தது. அது நடைமுறைக்கு வந்த பிறகு அந்த ஆங்கிலத் தட்டுகளுக்கு வேலை இல்லை. கருவியை விட, கருவி பேசும் மொழிக்குத்தான் ஆயுள் குறைவு என்று அன்று தெரிந்துகொண்டோம்.

அடுத்து வந்தது 1பெஸ்தாரிநெட். பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும் ஒரு மெய்நிகர் கற்றல் தளமும் தருவது திட்டம். தளத்தைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சுட்டிக்காட்டியது. 2019இல் திட்டம் முடிந்தது. வாங்கிக் கொடுப்பது எளிது, நாள்தோறும் பயன்படுத்த வைப்பது வேறு வேலை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மேலிருந்து வந்தவை இப்படி இருக்க, கீழிருந்து முளைத்தவை வேறு கதை. முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நாடு இது. ஆயினும் நீண்ட காலம் ஒரு பள்ளியில் தட்டெழுதிய கோப்பு இன்னொரு பள்ளியில் கட்டம் கட்டமாகத்தான் திறந்தது, எழுத்துரு ஒத்துப்போகாது. ஒருங்குறி வந்து, திறன்பேசியும் வந்த பிறகு அந்தச் சுவர் விழுந்தது. இன்று ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஞாயிறு இரவு செய்த படவில்லை திங்கள் காலை புலனக் குழு வழியாகப் பல மாநிலங்களுக்குப் போய்விடுகிறது. அதில் ரிங்கிட்டும் சென்னும் இருக்கும், ரம்புத்தானும் செம்பனையும் இருக்கும். எந்த அமைச்சும் செய்து தராததை ஆசிரியர்களே தங்களுக்குள் செய்துகொண்டார்கள். இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

பாராட்டிவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் விட்ட ஒற்றுப்பிழையும் அதே வேகத்தில் நாடு முழுக்கப் போகிறது. திரையில் மூன்று எழுத்து வகை, ஐந்து நிறம், மூலையில் ஆடும் கரடி. பாடத்துக்குத் தொடர்பில்லாத அலங்காரம் கற்றலைக் கெடுக்கும் என்று மேயர் நிறுவியிருக்கிறார். வரிக்கு வரி திரையில் எழுதி, அதையே வாய்விட்டுப் படிப்பதும் பயன் தராது. கண் ஒன்றைப் படிக்க, காது அதையே கேட்க, பிள்ளை இரண்டிலும் நிற்பதில்லை. பிறகு புதிர்ப் போட்டிகள். கஹூட் வைத்தால் வகுப்பு கலகலக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் வேகமாக அழுத்துபவருக்குப் புள்ளி கூடும். நிதானமாக யோசித்துச் சரியாகச் சொல்லும் பிள்ளை பட்டியலில் கீழே நிற்பதைப் பார்த்துப் பார்த்து, யோசிப்பதையே விட்டுவிடும். கைதட்டலை வைத்துப் பாடத்தை அளக்க முடியாது.

பெருந்தொற்றுக் காலம் இந்தக் கணக்கையெல்லாம் மாற்றிப் போட்டது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கல்வியமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மற்றவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது திறன்பேசி மட்டுமே. தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் அப்பாவின் கையோடு அதுவும் போய்விடும். காலை ஒன்பது மணி இயங்கலை வகுப்பில் அந்தப் பிள்ளை இருக்காது. ஆனால் முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பிய ஐந்து நிமிடக் காணொளியை அது இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தது. புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. தரவு தீர்ந்துபோன வீட்டுக்கு ஆசிரியர் அனுப்பிய குரல்பதிவு போய்ச் சேர்ந்தது. நேரலை தோற்ற இடத்தில் பதிவு வென்றது. படம் தோற்ற இடத்தில் வெறும் குரல் வென்றது. புதுமையிலும் விலையிலும் கடைசியில் நிற்கும் ஊடகமே அதிகத் தூரம் போனதை, கருவிப் பட்டியல் தயாரிப்பவர்கள் யாரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பள்ளி திறந்த பிறகு பழைய சிக்கல்கள் அப்படியே இருந்தன. பாட நேரம் முப்பது நிமிடம். கம்பிவடத்தைச் செருகி, படம் சுவரில் தலைகீழாக வந்து, அதைச் சரிசெய்வதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். பிற்பகல் மழை பிடித்தால் தகரக் கூரையின் ஓசையில் ஒலிபெருக்கி ஊமையாகும். முப்பதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இரண்டு ஆண்டுகளை ஒரே அறையில் ஒரே ஆசிரியர் நடத்துவார். அங்கே ஒரு பக்கத்துக்குக் காணொளியைப் போட்டுவிட்டு மறுபக்கத்துக்குப் பாடம் நடத்துவது சோம்பல் ஆகாது, வேறு வழியில்லாத ஏற்பாடு. ஆனால் அந்தப் பக்கம் படத்தை நிறுத்த ஆளில்லை என்பதும் உண்மை. அப்படிப்பட்ட பள்ளிக்கு இன்னொரு திரை கொடுப்பதைவிட இன்னொரு ஆசிரியரைக் கொடுத்தால் அந்தத் திரையும் உருப்படும்.

விதைப் பாடத்துக்கே திரும்பி வருகிறேன். மலாக்காவில் பால்மரம் அடியோடு போய்விடவில்லை. ஆண்டின் பிற்பாதியில், சிறுதோட்டம் வைத்திருக்கும் உறவினர் யாரிடமாவது சொன்னால் ஒரு பை காய் வந்து சேரும். காய்ந்தும் பிளக்காத ஐந்தாறு காய்களைப் பொறுக்கி, வெயில் படும் சன்னலோரம் ஒரு காகிதப் பெட்டியில் போட்டு, வாயை லேசாக மூடி வைக்கலாம். அன்றைக்கு அறிவியல் பாடத்தில் காணொளியை ஓடவிட்டு, ஓடு பிளப்பதற்கு முன்னால் நிறுத்தி, கேள்வியைக் கேட்டுவிட்டு, மீதியைக் காட்டாமலே விட்டுவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் காய் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. கணிதப் பாடத்தின் நடுவில் வெடித்தாலும் வெடிக்கும். பிள்ளைகள் பாதிக் கணக்கில் பென்சிலை வைத்துவிட்டுச் சன்னலுக்கு ஓடுவார்கள்.